எல்லார் கல்யாண ஆல்பத்திலும் நான்

கூப்பிடாத கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடுவது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. சாம்பாருக்கு மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்றெல்லாம் தெரியாது. இலையைப் பார்த்தால் விழும், அவ்வளவுதான். கூப்பிடாமல் போகிறவன் செய்யக்கூடாத காரியம் ஒன்றே ஒன்று உண்டு. போட்டோவுக்கு நிற்கக் கூடாது. நின்று தொலைத்தாலும் பல்லைக் காட்டக் கூடாது.

நான் நின்றேன். காட்டினேன். முப்பத்திரண்டையும் காட்டினேன். (அப்போது அத்தனை முளைத்திருக்கவில்லை. இருந்ததையெல்லாம் காட்டினேன்.)

அந்தக் காலத்தில் நான் திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் குடியிருந்தேன். குடியிருந்தேன் என்று சொன்னால் ஏதோ வாடகை கொடுத்தது போல இருக்கிறது. நாகர்கோவில் பஸ் வந்து நிற்கிற இடத்தில், வெற்றிலைக் கறை படிந்த ஒரு தூண் உண்டு. அதுதான் என் விலாசம். திருநெல்வேலிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த என் அப்பா பேச்சிமுத்து, ஒரு நாள் காலையில் என்னை அந்தத் தூண் பக்கத்தில் நிறுத்தினார். "ஏல சுடல, எர்ணாகுளத்துல புது சைட்டாம். பாத்துட்டு வந்து ஒன்னக் கூட்டிட்டுப் போறேன். எங்கயும் போயிராத. இங்கனயே நில்லு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அம்மா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே செத்துப்போனாள். ஆகையால் என் குடும்பம் மொத்தமும் அந்த ஒரு பஸ்ஸிலேயே போய்விட்டது.

அப்பா சொல்லி நான் ஒழுங்காகக் கேட்ட ஒரே சொல் அதுதான். நின்றேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு பழக்கடைக்காரரின் போனை வாங்கி அப்பாவின் நம்பரைப் போட்டேன். ஒரு பெண் பேசினாள். இந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று மலையாளத்தில் சொன்னாள். இந்தியில் சொன்னாள். இங்கிலீஷில் சொன்னாள். தமிழில் மட்டும் சொல்லவில்லை. அதனால் எனக்குச் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

எதிர்காலத்தில் ஊரெல்லாம் மெஷின் ஆட்சி வரப்போகிறது என்று படங்களில் காட்டிப் பயமுறுத்துகிறார்களே, எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். நான் அங்கே ஏற்கனவே இருந்துவிட்டு வந்தவன். கம்பத்துக்குக் கம்பம் காமிரா. டீக்கடையில் சில்லறையை நீட்டினால், கட்டம் போட்ட அட்டையைக் காட்டி "ஸ்கேன் செய்" என்பார்கள். கழிப்பறைக் கதவுகூட போன் இருந்தால்தான் திறக்கும். எதைத் தொட்டாலும் நம்பர் கேட்கும். நம்பரைச் சொன்னால் அந்த நம்பருக்கு இன்னொரு நம்பர் அனுப்பும். எனக்கு யாரும் எதுவும் அனுப்ப வழியில்லை. ஊரே ஒரு பூட்டு, சாவி எல்லார் பாக்கெட்டிலும் இருக்கிறது, என் டிரவுசரில் பாக்கெட்டே இல்லை.

ஆனாலும் மெஷின்களோடு பழகிக்கொள்ளலாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு நகைக்கடையின் வெளிச்ச விளம்பரப் பலகை இருந்தது. முன்பக்கம் ஒரு பெண் கழுத்து நிறைய நகை போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்துச் சிரிப்பாள். பின்பக்கம் அருமையான சூடு. அடைமழைக் காலத்தில் என் துணி அங்கேதான் காயும். (அந்த நகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் யாருக்கும் அவள் முதுகில் என் டிரவுசர் தொங்கியது தெரியாது.) வெயிலுக்கு ஏ.டி.எம். அறை. குளிக்க ரயில்வே ஸ்டேஷன் குழாய். மால் ஒன்றில், கையை நீட்டினால் தானே தண்ணீர் விடுகிற குழாய் இருந்தது. என் கையை அது கையாகவே மதிக்காது. பெரியவர் யாராவது கழுவும்போது பக்கத்தில் நீட்டிக்கொள்வேன்.

அதே மாலின் வாசலில் ஒரு கண்ணாடிக் கதவு. ஆள் வந்தால் தானே திறக்கும். அந்த ஊரிலேயே என்னைக் கண்டதும் திறந்த கதவு அது ஒன்றுதான். வேலை இல்லாத சாயங்காலங்களில் போய் அதன் முன்னால் நிற்பேன். திறக்கும். பின்னால் நகர்வேன். மூடும். மறுபடியும் போவேன். செக்யூரிட்டி சேட்டன் வந்து "போடே, அது கேடாயிப்போகும்" என்று விரட்டும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்போம். (நானும் கதவும். செக்யூரிட்டியைச் சேர்க்கவில்லை.)

சாப்பாட்டுக்கு மட்டும் மெஷின் உதவாது. அதற்கு மனுஷர்தான் வேண்டும். அதிலும் கல்யாண மனுஷர்.

வலியசாலைக்குப் போகிற வழியில் ஒரு பெரிய மண்டபம் இருந்தது. தூணிலிருந்து நடக்கிற தூரம். முகூர்த்த நாளில் காலர் வைத்த சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வாசலில் நிற்பேன். பெரிய குடும்பம் ஒன்று வேனிலிருந்து இறங்கும். அதில் ஏதாவது ஒரு அத்தையின் குடை கீழே விழும். எடுத்துக்கொண்டு "அத்தே, குடை" என்று பின்னாலேயே ஓடினால் உள்ளே போய்விடலாம். பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை வீட்டுப் பையன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண் வீட்டுப் பையன். இரண்டு பேரும் சேர்ந்து நின்று கேட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்ததே இல்லை. கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து நிற்பது போட்டோவுக்கு மட்டும்தான்.

சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். போளியும் பால்பாயசமும் சாப்பிட்ட பிறகு மனுஷனுக்கு என்ன குறை? (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் ஊரில் போளியை இலையில் பிய்த்துப் போட்டு அதன் மேல் பாயசத்தை ஊற்றிக் குழைத்து அடிக்க வேண்டும். முகம் சுளிக்கிறவர்கள் ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுச் சுளியுங்கள்.) ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். மேடையில் "ஃபேமிலி எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டால் நானும் போய்விடுவேன். ஓரமாக நிற்பேன். எல்லாரும் நெருங்கி நிற்கும்போது யாராவது ஒரு பெரியவரின் கை வந்து என் தோளில் விழும். பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் பெரியவர்கள் கை அப்படித்தான் விழும், அவர்களுக்கே தெரியாது. போட்டோ எடுத்து முடிகிறவரை அது அங்கேயே இருக்கும். யார் கை என்று நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்த்தால் எடுத்துவிடுவார்கள்.

அதனால்தான் பல்லெல்லாம் தெரிந்தது.

அந்த மண்டபத்தில் போட்டோ எடுக்கிறவர் ஷிபு அண்ணன். ஒல்லியான ஆள், காமிரா அவரைவிடக் கனம். அந்த சீசனில் அவர் புதிதாக ஒரு மெஷின் வித்தை கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் தங்கள் போனில் முகத்தைக் காட்டினால், அவர்கள் இருக்கிற படங்களை மட்டும் மெஷின் பொறுக்கி எடுத்துக் கொடுத்துவிடும். திரையில் போட்டால், யார் யார் அதிகப் படங்களில் இருக்கிறார்களோ அவர்கள் முகம் பெரிய வட்டமாக முதலில் வரும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தனித்தனி ஆல்பம் திறக்க வேண்டுமாம். ஷிபு அண்ணன் சோம்பேறி. சீசன் முழுவதையும் ஒரே ஆல்பத்தில் கொட்டிவைத்திருந்தார்.

இது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரிந்திருந்தால் உமா அக்காவின் கல்யாணத்தன்று நான் பட்டினி கிடந்திருப்பேன்.

உமா அக்கா வலியசாலைத் தமிழ்க் குடும்பத்துப் பெண். அப்பா கணபதி மாமா, ஏதோ சர்க்கார் ஆபீசில் சூப்பரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரே மகள். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டிய பிறகு பொரியிடும் சடங்கு உண்டு. பெண்ணின் தம்பியோ அண்ணனோ பொரியை அள்ளி அவள் கையில் போட வேண்டும், அவள் அதை ஹோமத் தீயில் இட வேண்டும். உமா அக்காவுக்குக் கூடப் பிறந்தவன் இல்லாததால் சித்தப்பா மகன் மும்பையிலிருந்து வருவதாக ஏற்பாடு. அன்றைக்குப் பார்த்து மழை. விமானம் ஊருக்கு மேலேயே வட்டமடித்துக்கொண்டிருந்தது. தாலி கட்டியாகிவிட்டது, பொரி முறத்தில் காத்திருக்கிறது, தம்பி வானத்தில்.

சபை சலசலக்க ஆரம்பித்தது. கணபதி மாமா சமாளிக்கப் பார்த்தார். "ஷிபு, சும்மா நிக்காதடே. நம்ம குடும்பத்து முகமெல்லாம் அந்தத் திரையில போடு. எல்லாரும் பாக்கட்டும்."

ஷிபு அண்ணன் போட்டார்.

நான் அப்போது கீழே சாப்பாட்டு ஹாலில் முதல் பந்தியில் இருந்தேன். மேடையில் ஓடுவது தெரிய அங்கேயும் ஒரு டிவி வைத்திருந்தார்கள். இலையில் போளி வந்து விழுந்த நேரம். பிய்த்து வாயில் வைக்கும்போது, பக்கத்து இலைக் குட்டிப்பெண் என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தது. "அம்மே, இந்தச் சேட்டன் டிவியில!"

நிமிர்ந்தேன். திரையின் நடுவில், முழுநிலா மாதிரி, என் முகம். வாய் நிறைய போளி. சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்களில் மணப்பெண், மாப்பிள்ளை, கணபதி மாமா எல்லாரும் என் உப கிரகங்கள் போல.

மேலே யாரோ "அது யாருன்னு தொடு" என்று சொல்லியிருக்கிறார்கள். ஷிபு அண்ணன் தொட்டுவிட்டார். என் முகம் விரிந்து படங்களாகக் கொட்டியது. ஒரு ஜோடிக்குப் பக்கத்தில் நான். இன்னொரு ஜோடிக்குப் பக்கத்தில் நான். மாலை மாறுகிறது, புடவை மாறுகிறது, மாப்பிள்ளை மாறுகிறார், ஓரத்தில் அதே சட்டை, அதே பல். ஒன்றில் கேக் வெட்டுகிற இடத்தில் நான்தான் முதலில் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

ஓடினேன். அதில் ஒரு விவரக்கேடு. அந்த ஹாலுக்கு இரண்டு படிக்கட்டு. ஒன்று ரோட்டுக்குப் போகும். நான் மற்றதில் ஏறினேன். அது நேராக மேடையில் கொண்டுபோய் விட்டது.

திரையில் இருந்தவன் திரைக்கு முன்னால் வந்து நின்றதும் மண்டபத்தில் ஒரு நிமிஷம் நாதஸ்வரம்கூட நின்றுவிட்டது. கையில் இன்னும் பாதிப் போளி இருந்தது.

சபையில் முதலில் எழுந்தது, போன மாதம் இதே மண்டபத்தில் கல்யாணமான ஒரு பெண். "ஏங்க, இது நம்ம ஆல்பத்துல ஓரத்துல நிக்கிற பையன்லா? உங்க பெரியம்மா பேரன்னு சொன்னீங்க!"

"நான் எப்பச் சொன்னேன்? நீதான் உங்க சைடுன்னு சொன்ன. ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியாச்சே!"

அதற்குள் இன்னும் இரண்டு மூன்று வீட்டார் தங்கள் கல்யாணத்தைத் திரையில் அடையாளம் கண்டு எழுந்துவிட்டார்கள். ஷிபு அண்ணன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு "எந்தரடே இது... எந்தரடே இது..." என்று மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தார். அது நிற்கவில்லை. என் படங்கள் வந்துகொண்டே இருந்தன.

மாப்பிள்ளையின் அம்மா இதையெல்லாம் கவனிக்கவில்லை. அந்த அம்மாளுக்குத் தெரிந்தது ஒரே விஷயம்தான். பெண் வீட்டுக் குடும்பப் படத்தில் பெண்ணைவிடப் பெரிய வட்டத்தில் ஒரு பையன். கணபதி மாமாவிடம் திரும்பினாள். "ஒரே மகள்ன்னு சொன்னீங்க. அப்ப இந்தப் பையன் யாராக்கும்?"

"எனக்குத் தெரியாதம்மா."

"குடும்பத்துலயே அதிகமா இவந்தான் இருக்கான். தெரியாதுன்னா?"

"சத்தியமா தெரியாது. டேய், நீ யாரு வீட்டுப் பையன்?"

இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்று கேட்டார்கள். நான் பெண் வீட்டாரைப் பார்த்து "மாப்பிள்ளை வீடு" என்றேன். மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து "பெண் வீடு" என்றேன். (பழக்கதோஷம்.) மண்டப மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். வண்டி வரும், ஒரு மேடம் வருவார், ஆளில்லாத பிள்ளைகளை வைக்கிற ஹோமுக்குக் கொண்டுபோவார்கள். ஹோமில் சோறு உண்டு, பாய் உண்டு, அடி இல்லை என்றுதான் சொல்லக் கேள்வி. எனக்கு அதில் பயமே இல்லை. ஆனால் ஹோமில் தூண் கிடையாது. அப்பா நாகர்கோவில் பஸ் பக்கம் வந்து இறங்கித் தூணைப் பார்ப்பார், நான் இருக்க மாட்டேன். அவர் நம்பர் உபயோகத்தில் இல்லை, நான் போனே இல்லாதவன். அந்த ஊரில் நாங்கள் இரண்டு பேரும் மறுபடி சந்திப்பதற்கு இருந்த ஒரே இடத்தை விட்டு என்னைப் பெயர்த்துவிடுவார்கள்.

இப்படி நான் இறங்கி ஓட வழி தேடிக்கொண்டிருந்தபோது ஐயர் பொறுமை இழந்தார். புகையில் கண் சிவந்து உட்கார்ந்திருந்த மனுஷர். "யாரா இருந்தா என்ன ஓய்? பொரியிடணும், நேரம் போறது. பொண்ணுக்குத் தம்பி ஸ்தானத்துல யாராவது உக்காருங்கோ."

யாரும் நகரவில்லை. உமா அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அங்கே நான் யாரோ ஒரு மணப்பெண்ணுக்குப் பக்கத்தில், உலகத்திலேயே சந்தோஷமான தம்பியைப் போல நின்றுகொண்டிருந்தேன்.

"எல்லா பொண்ணுக்கும் தம்பியா நின்னிருக்கான். எனக்கு மட்டும் என்ன?" என்றாள். "வாடே. வந்து உக்காரு."

"உமா!" என்றார் கணபதி மாமா.

"அப்பா, அவன் வானத்துல இருக்கான். இவன் தரையில இருக்கான்."

உட்கார்ந்தேன். ஐயர் என் கையிலிருந்த போளியைப் பிடுங்கி எங்கேயோ வைத்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். இரண்டு கையையும் குவிக்கச் சொல்லி, முறத்திலிருந்து பொரியை அள்ளி நிறையப் போட்டார். மந்திரம் சொல்லிக்கொண்டே கண்ணை மூடினார்.

இப்போது நான் சொல்லப்போவதற்கு விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை. யாராவது என் கையில் தின்கிற பொருளைக் கொடுத்தால், அவர்கள் மனம் மாறுவதற்குள் அதை வாய்க்குள் தள்ளிவிட வேண்டும் என்பது அப்போது என் உடம்பின் சட்டம். மூளையைக் கேட்காது.

தின்றுவிட்டேன்.

ஐயர் கண் திறந்தார். உமா அக்கா தீக்கு நேரே கையை ஏந்திக்கொண்டிருக்கிறாள். அவள் கை காலி. என் கை காலி. என் கன்னம் இரண்டும் உப்பலாக.

"அட படுபாவி! அது அக்னிக்குடா!"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கொஞ்சம் பொரி மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் போய் விழுந்தது.

முதலில் சிரித்தது உமா அக்காதான். மாலை குலுங்க, புகையில் இருமிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு மாப்பிள்ளை. பிறகு சபை. மாப்பிள்ளையின் அம்மாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஐயர் மட்டும் சிரிக்காமல் மறுபடி பொரியை அள்ளி, இந்தத் தடவை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக அக்காவின் கையில் கவிழ்த்தார். மீதிச் சுற்றுகள் முழுக்க அந்தப் பிடியை விடவில்லை.

சிரித்து முடித்ததும் வண்டி வந்துவிட்டது.

கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு மேடம். நல்ல மாதிரிதான் பேசினார். "மோனே, பேடிக்கண்டா, பயப்படாத, நம்மோட வா" என்று கையை நீட்டினார். நான் மணவறைத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அதுவரை கிண்டலும் திருட்டுமுழியுமாக நின்றவன், எல்லார் முன்னாலும் மூக்கொழுக அழுதேன். "நான் வர மாட்டேன். நான் தம்பானூர்ல நிக்கணும். அப்பா வருவாங்க. நிக்கச் சொல்லிருக்காங்க."

"அப்பா எப்போ போனாங்க?" என்று மேடம் கேட்டார்.

சொன்னேன். போன மழைக்கு முந்தின மழை. வாய்விட்டுச் சொன்னபோதுதான் எனக்கே கணக்குப் புரிந்தது. அதுவரை நான் கூட்டிப் பார்த்ததே இல்லை.

கணபதி மாமா வந்து என் முன்னால் குனிந்தார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எந்தத் தூணுடே?"

"நாகர்கோவில் பஸ் நிக்கிற எடத்துல. வெத்தலக் கறை இருக்கும்."

"அப்பா பேரு?"

"பேச்சிமுத்து."

"சரி. நான் நிக்கேன். நீ போ."

போனேன்.

ஹோமைப் பற்றிக் கதையாகச் சொல்ல எதுவும் இல்லை. சோறு இருந்தது. பாய் இருந்தது. போளி இல்லை. பல்லைப் பார்த்து ஒரு டாக்டர் என் வயசைச் சொன்னார். (மாட்டுச் சந்தையிலும் அப்படித்தான்.) உமா அக்கா என்னை வீட்டோடு கூட்டிக்கொண்டு போய்விடவில்லை. அதெல்லாம் படத்தில் நடக்கும். புதுப் பெண்டாட்டியாகப் போன வீட்டுக்கு ஒரு பஸ் ஸ்டாண்டுப் பையனையும் சீதனமாகக் கொண்டுபோக முடியுமா? ஆனால் பார்க்க விடுகிற நாளில் வருவாள். தூக்குச் சட்டியில் பாயசமும் தனியாகப் போளியும் கொண்டு வந்து, "மெதுவாத் தின்னு. ஹோமத்துக்கு இல்ல, உனக்குத்தான்" என்பாள்.

கணபதி மாமா சொன்னபடி நின்றார். ரிட்டயர் ஆனவருக்குச் சாயங்கால நடை உண்டல்லவா, அதை வலியசாலையிலிருந்து தம்பானூருக்கு மாற்றிக்கொண்டார். தூணுக்குப் பக்கத்தில், ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு. அதில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது: "பேச்சிமுத்து. மகன் பத்திரம்." ஏர்போர்ட்டில் டாக்சிக்காரர்கள் நிற்பார்களே, அதே மாதிரி. சில பேர் அவரிடம் வந்து கோவளத்துக்கு என்ன ரேட் என்று கேட்டதுண்டு.

ஒரு நாள் ஒரு பேச்சிமுத்து வந்துவிட்டார். தென்காசிக்காரர். அட்டையைப் பார்த்து முகம் வெளுத்து, "என் மவனுக்கு என்னய்யா ஆச்சு? காலைலதான பேசுனேன்?" என்று கத்த, கணபதி மாமா "நீரு எவ்வளவு நாளா பேசல்லன்னு தெரியுமா ஓய்?" என்று பதிலுக்குக் கத்த, கடைசியில் இருவரும் டீ குடித்துப் பிரிந்தார்களாம். இதை மாமா ஹோமுக்கு வந்து நடித்துக் காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் போன பிறகுதான், வந்தது வேறு பேச்சிமுத்து என்பது உறைத்தது.

எங்கள் பேச்சிமுத்து வரவில்லை. மழையில் கரைந்து அட்டை மட்டும் பல தடவை மாறியது.

இப்போது எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. (பல் சொன்ன கணக்கு.) ஹோமிலிருந்து வெளியே வந்து ஷிபு அண்ணனிடம் லைட் பிடிக்கிறேன், ஸ்டூடியோ மாடியில் தங்குகிறேன். "எடே, நீ எனக்கு வரவேண்டிய பாதிப் பேரக் கெடுத்தவனாக்கும், வேல செஞ்சு தீரு" என்பார். அந்த சீசன் ஆல்பத்தை அவர் அழிக்கவில்லை. என் சின்ன வயசுப் போட்டோ என்று உலகத்தில் இருப்பது அவ்வளவும் அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் கல்யாணம்.

போனும் வாங்கிவிட்டேன். எனக்கும் இப்போது நம்பர் வருகிறது. கதவுகள் திறக்கின்றன. அந்த மாலுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு எல்லாருக்கும் திறப்பது போலத்தான் எனக்கும் திறந்தது. கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

மெஷினுக்கு இன்னொரு குணம் உண்டு. அப்பாவையும் மகனையும் சில சமயம் குழப்பிக்கொள்ளும், ஒரே மூக்கு இருந்தால். சந்தேகம் வந்தால் இரண்டு முகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்கள் இருவரும் ஒரே ஆளா என்று கேட்கும். அப்பாவின் போட்டோ என்னிடம் ஒன்றுகூட இல்லை. ஆனால் மூக்கு அவருடையதுதான், அப்பாவோடு கட்டட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அதனால் ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும், மெஷின் என் முகத்துக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு சமையல்காரரையோ பந்தல்காரரையோ வைத்துக் கேட்டால், நான் சட்டென்று பதில் சொல்ல மாட்டேன். பெரிதாக்கிப் பார்ப்பேன். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் "இல்லை" என்று அமுக்குவேன்.

போன மாதம் உமா அக்காவின் மகளுக்குக் காது குத்தினார்கள். அதே மண்டபம், அதே ஐயர். நான் லைட்டோடு ஓரத்தில் நின்றேன். மும்பைத் தம்பி இந்தத் தடவை முதல் நாளே வந்துவிட்டான், பட்டு வேட்டி கட்டி மணக்க மணக்க நின்றான்.

"தாய்மாமன் மடில வெச்சுத்தான் குத்தணும். யாரு தாய்மாமன்?" என்று ஐயர் கேட்டார்.

நான் லைட்டைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

"லைட்டக் கீழ வைடே" என்றாள் உமா அக்கா.

மும்பைத் தம்பி சிரித்துக்கொண்டே வழி விட்டான். மணையில் உட்கார்ந்தேன். ஐயர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், என் முகத்தை அடையாளம் கண்டு அப்படியே நின்றுவிட்டார். பிறகு குழந்தையைக் கொஞ்சம் தூரமாகவே வைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்தா, கையில குடுக்கறேன். வாயில போட்டுக்காதே."

சிரிப்பில் மண்டபம் இடிந்து விழுந்தது. இனி அந்த வீட்டில் எந்தக் குழந்தையை யார் கையில் கொடுத்தாலும் இதைத்தான் சொல்வார்கள், என் தலைமுறை முடிகிறவரைக்கும்.

குழந்தை வீறிட்டது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. "ஃபேமிலி எல்லாரும் வாங்க" என்று ஷிபு அண்ணன் கூப்பிட்டார். எல்லாரும் நெருங்கினார்கள். என் தோளில் ஒரு கை விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். கணபதி மாமா. கையை எடுக்கவில்லை.

அதனால் அந்தப் படத்தில் என் முகம் சரியாக விழவில்லை. யார் யார் கல்யாணத்திலெல்லாமோ என்னைக் கண்டுபிடித்த மெஷினுக்கு, அந்தக் குடும்பப் படத்தில் மட்டும் நான் யாரென்று தெரியவில்லையாம்.